ஒரே ஏரியா, ஒரே கம்பெனி: ஒருவர் 80 பார்சல் போடுகிறார், இன்னொருவர் 40-ஓடு திரும்புகிறார், ஏன்?

இளம்பிள்ளையிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கும் நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: சென்னைக்குப் போகும் பார்சலில் ஒரு பகுதி ‘கஸ்டமர் வீட்டில் இல்லை’ என்று திரும்பி வருகிறது, வாங்கியவரோ நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன், போன்கூட வரவில்லை என்கிறார். இது டெலிவரி ஆளின் சோம்பேறித்தனமா, வேறு கம்பெனிக்கு மாறினால் சரியாகுமா, அப்படியென்றால் எந்தக் கம்பெனி? அப்புறம் ரிட்டர்ன் எடுக்க மட்டும் சொன்ன நாளில் ஏன் யாருமே வருவதில்லை? தெற்குச் சென்னையின் புறநகரில் ஒரு டெலிவரி ஹப்பை (ஒரு ஏரியாவுக்கான பார்சல்கள் வந்து இறங்கி, ஆட்களுக்குப் பிரித்துத் தரும் இடம்) சில வருடம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சோம்பேறிகள் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு டெலிவரி ஆள் அன்றைக்கு எத்தனை பார்சல் போடுவார் என்பதில் பெரும்பங்கு, அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே முடிவாகிவிடும். லோடு எத்தனை மணிக்கு வந்தது, பையில் எந்த வரிசையில் அடுக்கினார், முகவரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை பார்சல் பணம் வாங்க வேண்டியவை, நடுவில் எத்தனை ரிட்டர்ன் செருகப்பட்டிருக்கிறது. இதில் பாதி ஹப்பின் கையில், கால் பங்கு உங்களைப் போல அனுப்புகிறவர் கையில். டெலிவரி ஆள் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் திட்டு மொத்தமும் அவருக்கு.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வண்டி ஓட்டும் வேகத்தைப் பெரிதாக நினைப்பார்கள். டிராஃபிக், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலை, யூ டர்னுக்காக ஓஎம்ஆரில் போகும் தூரம் எல்லாம் எரிச்சல்தான். ஆனாலும் நேரம் போவது ரோட்டில் இல்லை, வாசலில். லண்டன் மையப் பகுதியில் பார்சல் வேன்கள் ரவுண்டு போவதைப் பின்தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேன் ரவுண்டில் இருந்த நேரத்தில் பாதிக்கு மேல் ஓரமாக நின்றுகொண்டுதான் இருந்தது, டிரைவர் நடந்துகொண்டிருந்தார். நம் ஊரில் வேனுக்குப் பதில் பைக், நடைக்குப் பதில் மாடிப்படியும் கேட்டும் காத்திருப்பும். மற்றபடி அதே கதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், விளங்குவதற்காக மட்டும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறார், 540 நிமிடம். சாப்பாட்டுக்கு 40, ஹப்பிலிருந்து ஏரியாவுக்குப் போய்வர 50 கழித்தால் மிச்சம் 450. ஒரு பார்சலுக்குப் பயணமும் வாசலும் சேர்த்து 5 நிமிடம் என்றால் 90 பார்சல். அதுவே 7 நிமிடம் ஆனால் 64. வெறும் 2 நிமிட வித்தியாசம் 26 பார்சலைத் தின்றுவிடுகிறது. அந்த 2 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில், அதனால் இந்த எண்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலைப் பொழுது. ஸ்ரீபெரும்புதூர், ரெட்ஹில்ஸ் பக்கம் இருக்கும் பெரிய கிடங்குகளிலிருந்து விடியற்காலையில் ஹப்புக்கு லோடு வண்டி வர வேண்டும். அது இரண்டு மணி நேரம் தாமதமானால் மேலே சொன்ன 450 நிமிடம் 330 ஆகிவிடும், 90 பார்சல் 66 ஆகிவிடும். ஆளும் வண்டியும் ரூட்டும் அதே. ஆனால் ராத்திரி ரிப்போர்ட்டில் அவருடைய பெயருக்கு எதிரில்தான் சிவப்பு நிறம் வரும், லாரி டிரைவர் பெயருக்கு எதிரில் வராது.

லோடு வந்ததும் ஸ்கேன் செய்து ரூட் வாரியாகக் கொட்டுவோம். இங்கேதான் பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் தெரியும். பழகியவர் தரையில் உட்கார்ந்து, கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு பார்சலின் மேலும் தனக்கு மட்டும் புரிகிற குறி போடுவார்: ‘பி.கோ. 3’ என்றால் பிள்ளையார் கோயில் தெரு மூன்றாவது வீடு, ‘மாடி’ என்றால் போன் பண்ணிக் கீழே வரச்சொல்லணும், ஒரு வட்டம் போட்டிருந்தால் நாய். பிறகு கடைசியில் கொடுக்க வேண்டியதை அடியிலும் முதலில் கொடுக்க வேண்டியதை மேலேயுமாக அடுக்கி, பெரிய பெட்டிகளை டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டின் முன்பக்கத்தில் வைத்துக் கட்டுவார். அரை மணி நேரம் போகும். பக்கத்தில் சூப்பர்வைசர் ‘இன்னும் கிளம்பலையா’ என்று கத்திக்கொண்டிருப்பார். புது ஆள் பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், சூப்பர்வைசருக்கு மகிழ்ச்சி, ஆனால் அந்த ஆள் ஒவ்வொரு வாசலிலும் பையைக் கவிழ்த்துத் தேடுவார். அதுதான் அந்த 2 நிமிடம். சீக்கிரம் கிளம்புகிறவரைப் பாராட்டுகிற ஹப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு அதே ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் பாராட்டு தானாகக் குறையும்.

அந்த மார்க்கர் குறிகளில் இருப்பது ஏரியா ஞானம். எந்த ஆப்பிலும் அது கிடையாது. இரண்டாவது மாடிப் பாட்டிக்கு மணி கேட்காது, ஜன்னலைத் தட்டணும். இந்த வீட்டில் பகலில் ஆள் இருக்காது, எதிர் மளிகைக்கடையில் கொடுத்தால் வாங்கி வைப்பார்கள். அந்த காம்ப்ளெக்ஸில் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி வரை செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். இதெல்லாம் ஒரே தெருக்களில் மாதக்கணக்கில் சுற்றினால்தான் வரும். இந்த வேலையில் ஆள் நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை. பழகிய ஆள் போய்விட்டால், ஞானமும் அவருடனேயே போய்விடும், மறுநாள் அதே ரூட் பாதியாகப் படுத்துவிடும். கம்பெனிகள் ரூட்டை மென்பொருளில் வரைந்து தினமும் ஆளை மாற்றிப் பார்க்கின்றன. வரைபடத்தில் அது அழகாகத்தான் இருக்கும்.

சென்னை முகவரியைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். பழைய எண், புதிய எண் என்று இரண்டு. வாடிக்கையாளர் எதை எழுதியிருக்கிறார் என்று சொல்லமாட்டார். முதல் குறுக்குத் தெரு, காந்தி தெரு, பாரதியார் தெரு இல்லாத நகரே இல்லை. ஒரு பின்கோடுக்குள்ளேயே ஒரே பெயரில் மூன்று தெரு இருக்கும். பின்கோடு என்பது 1972-ல் தபால் துறை தன் வசதிக்காக உண்டாக்கியது, தபால் நிலையம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அது. வீட்டு வாசல் வரை காட்ட அல்ல. 600100 என்று போட்டால் மேடவாக்கமும் வரும், பள்ளிக்கரணையும் வரும். வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் தட்டும் தெருப் பெயர் ஆளுக்கொரு எழுத்தில் இருப்பதால் மென்பொருள் குழம்பி, ஏரியாவின் நடுவில் எங்கேயாவது ஒரு புள்ளியைக் குத்திவிடும். புது ஆள் அந்தப் புள்ளியை நம்பிப் போய் ஏதாவது ஒரு காலி மனையில் நிற்பார். தபால் துறை 2025-ல் டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் கொண்ட குறியீடு. நல்ல யோசனைதான், ஆனால் ஆர்டர் போடும் இடத்தில் அதைக் கேட்கும் கடை என் கண்ணில் அதிகம் படவில்லை. அதுவரைக்கும் ‘ரேஷன் கடைக்கு எதிர் சந்து, பச்சை கேட்’ என்று ஒரு வரி இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அடுத்து, அடர்த்தி. நீங்கள் கேட்ட 80-க்கும் 40-க்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பெரும்பாக்கம் பக்கத்தில் பெரிய கேட்டட் கம்யூனிட்டி ஒன்றில் 40 பார்சல் வந்தால், செக்யூரிட்டிக்குப் பழகிய முகமாக இருந்தால், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதே 40 பார்சல் வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம் பக்கம் தனித்தனி வீடுகளாகச் சிதறிக் கிடந்தால் அரை நாள் போய்விடும். இரண்டு பேருமே ‘ஒரே ஏரியா’தான், ஹப்பின் ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே டார்கெட்தான். ஆனால் அந்த கம்யூனிட்டிக்குள் புது ஆள் போனால் கதை தலைகீழ்: கேட்டில் பெயர் எழுது, ஆப்பில் வீட்டுக்காரர் அனுமதி தரட்டும், வண்டியை வெளியே விடு, சர்வீஸ் லிஃப்டில் போ, அந்த லிஃப்ட் எட்டாவது மாடியில் யாரோ ஃப்ரிட்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பதால் வராது. அடர்த்தி இருந்தும் பலன் இல்லாமல் போவது இப்படித்தான்.

இப்போது உங்கள் ‘வீட்டில் இல்லை’ விஷயத்துக்கு வருகிறேன்.

போன் வரவில்லை என்று வாடிக்கையாளர் சொல்வதில் பாதி உண்மை. பெரிய கம்பெனிகள் வாடிக்கையாளர் நம்பரை மறைத்து, நடுவில் ஒரு பொது எண் வழியாக இணைப்புக் கொடுக்கின்றன. தனியுரிமைக்கு நல்லது. ஆனால் வாடிக்கையாளர் போனில் விழுவது முன்பின் தெரியாத எண், லோன் வேணுமா என்று கேட்பவர்களும் அப்படித்தான் வருகிறார்கள், எடுக்கமாட்டார். டெலிவரி ஆள் இரண்டு முறை அடிப்பார், மூன்று நிமிடம் நிற்பார், கிளம்பிவிடுவார். கவனியுங்கள், கொடுக்க முடியாமல் போன ஒரு பார்சல் கொடுத்ததைவிட அதிக நேரம் தின்கிறது. ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. நாளைக்கு அதே வாசலுக்கு மறுபடி வர வேண்டும்.

மீதிப் பாதி, பொய் ரிமார்க். இது ஹப்பில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ராத்திரி கணக்கு முடிக்கும்போது கையில் இருக்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் ஏதாவது ஒரு காரணம் போட்டாக வேண்டும். ‘போக முடியவில்லை’ என்று உண்மையைப் போட்டால் ஹப்பின் மதிப்பெண் குறையும், மேலிருந்து போன் வரும். ‘கஸ்டமர் இல்லை’, ‘வேறு நாள் கேட்டார்’, ‘முகவரி போதவில்லை’ என்று போட்டால் தப்பு வாடிக்கையாளருடையது, ஹப்புக்குச் சேதம் இல்லை. அப்புறம் என்ன நடக்கும்? 70 தாங்கும் ரூட்டுக்கு 95 ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்சம் 25-க்கும் உண்மையான ரிமார்க் வரும் என்று எதிர்பார்ப்பவர் அப்பாவி. பொய் எழுதுவது டெலிவரி ஆளின் விரல்தான், ஆனால் அதை எழுதவைப்பது அந்த அளவுகோல். உண்மையைப் போட்டதற்காக ஒருவரை மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அடுத்த நாளிலிருந்து அவர் ரிமார்க் எல்லாமே ‘சுத்தம்’.

உங்கள் இடத்திலிருந்தே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிராக்கிங்கில் அந்த ரிமார்க் விழுந்த நேரத்தைப் பாருங்கள். நிஜமாகவே போய்ப் பார்த்திருந்தால் காலை பதினொன்று, மதியம் இரண்டேகால் என்று நாள் முழுக்கச் சிதறி இருக்கும். பொய் என்றால் மாலை ஏழு மணிக்கு மேல், ஒரே ஏரியாவின் ஐந்தாறு பார்சலுக்கு ஐந்து நிமிடத்துக்குள் வரிசையாக விழுந்திருக்கும், ஏனென்றால் டீக்கடையிலோ ஹப் வாசலிலோ உட்கார்ந்து மொத்தமாகப் போட்டது. அந்த நேரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கம்பெனியின் ஏரியா மேனேஜருக்கு அனுப்புங்கள். ‘உங்க ஆள் பொய் சொல்றான்’ என்று பொதுவாகக் கத்துவதைவிட இதற்கு மதிப்பு அதிகம். சில கம்பெனிகள் இப்போது, கேன்சல் போடவே வாடிக்கையாளரின் ஓடிபி கேட்கின்றன, ரிமார்க் போட்ட இடத்தை ஜிபிஎஸ் வைத்துச் சரிபார்க்கின்றன. பொய் குறைந்திருக்கிறது. லோடைக் குறைக்காமல் பூட்டை மட்டும் போட்டதால் ஆட்கள் வேலையை விட்டுப் போவது கூடியதும் உண்டு.

சிஓடி, அதாவது வாசலில் பணம். 2010-ல் ஃபிளிப்கார்ட் ஆரம்பித்து வைத்தது, ஆன்லைன் வணிகமே நம் நாட்டில் அதன் தோளில்தான் ஏறி வந்தது, அதனால் அதை வைவதில் அர்த்தமில்லை. ஆனால் டெலிவரி ஆளின் பக்கத்திலிருந்து பார்த்தால் சிஓடி பார்சல் வேறு ஜாதி. ஆர்டர் போட்ட மருமகள் வேலைக்குப் போயிருப்பார், வீட்டில் இருக்கும் மாமியார் ‘எனக்குத் தெரியாதுப்பா, பணம் எல்லாம் குடுக்க முடியாது’ என்பார். 799-க்கு 800 கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு ஒரு பேச்சு. யூபிஐ வந்த பிறகு சில்லறைத் தொல்லை தீர்ந்தது, பதிலுக்கு நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும், ‘கட் ஆயிடுச்சு, உங்களுக்கு வரலையா’ என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி நிற்பார்கள். மாதக் கடைசி வாரத்தில் சிஓடி மறுப்பு கூடும், ஒன்றாம் தேதிக்கு மேல் குறையும். ஹப்பில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பே பணம் கட்டிய பார்சல் திரும்புவது அதைவிட எவ்வளவோ குறைவு. சேலைக்கு முழுப் பணமும் முன்னால் கேட்க முடியாது என்றால் ஒரு சின்னத் தொகையாவது முன்பணமாக வாங்குங்கள். நூறு ரூபாய் கட்டியவர் போன் எடுப்பார்.

ரிட்டர்னுக்கு வருவோம், இதில்தான் பேச நிறைய இருக்கிறது, ஆனால் யாரும் பேசுவதில்லை. கம்பெனிக் கணக்கில் ரிட்டர்ன் பிக்கப் என்பது டெலிவரியைத் திருப்பிப் போட்டது, அவ்வளவுதான். அதே ஆள், அதே ரூட், ஏறக்குறைய அதே கூலி. வாசலில் அது வேறு வேலை.

ஒரு பிக்கப்பைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி, ஒரு சுடிதார் செட் திரும்புகிறது. மணி அடித்தால் ‘ஐயோ, இன்னைக்கா வர்றீங்க, இருங்க எடுத்துட்டு வர்றேன்’ என்று அந்தம்மா உள்ளே போவார். பீரோ திறக்கும் சத்தம், மகளைக் கூப்பிட்டு விசாரணை. துணி வரும், துப்பட்டா வராது. துப்பட்டா வரும்போது டேக் அறுந்து தனியாக வரும். ஆப்பில் இவர் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்: பிராண்ட் சரியா, நிறம் சரியா, டேக் இருக்கிறதா, கறை உண்டா, பார்கோடு ஒத்துப்போகிறதா, நாலு பக்கமும் போட்டோ. டேக் அறுந்திருப்பதால் ‘எடுக்க முடியாதுக்கா’ என்றால் சண்டை. ‘நான் பிரிச்சுப் பாக்காம எப்படிப்பா அளவு தெரியும்?’ நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்த ஆள் இல்லை. எடுத்துக்கொண்டால் ஹப்பில் வாங்க மறுப்பார்கள், கிடங்கில் பொருள் மாறியிருக்கிறது என்று சொன்னால் அந்தத் தொகை இவர் கணக்கில் டெபிட் விழும். எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் ஒரு ஸ்டார் போடுவார். இரண்டில் எது தனக்குக் குறைந்த சேதம் என்று யோசித்தபடி நிற்பதிலேயே பத்து நிமிடம். வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், ஆகவே அவரே தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் போட்டு ஒட்டி ஸ்டிக்கர் குத்த வேண்டும்.

பத்து நிமிடம் என்றால் மேலே போட்ட கணக்கில் இரண்டு டெலிவரி. பத்து பிக்கப் இருந்தால் 20 டெலிவரி காணாமல் போகும், கூலியோ பத்துக்குத்தான். செல்போன் ரிட்டர்ன் என்றால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண் பார்க்கணும், ஆன் ஆகிறதா, கண்ணாடியில் கீறல் உண்டா என்று இன்னும் கூடும். இடப் பிரச்சினை வேறு: காலையில் பை நிரம்பி வழியும்போது ஒரு ஷூ பெட்டியைத் திரும்ப வாங்கி எங்கே வைப்பது? அதனால் அனுபவசாலிகள் பிக்கப்பை எல்லாம் மதியத்துக்கு மேல் தள்ளுவார்கள், அந்த நேரத்தில் பாதி வாடிக்கையாளர்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருப்பார்கள். நேரம் இல்லாமல் போனால் முதலில் கழற்றிவிடப்படுவதும் பிக்கப்தான், ஏனென்றால் டெலிவரி ஆகாத பார்சல் ஹப்பில் கண்ணுக்கு எதிரே கிடக்கும், எடுக்காத ரிட்டர்ன் வாடிக்கையாளர் வீட்டு பீரோவில் கிடக்கும். ‘சொன்ன நாளில் வருவதில்லை’ என்பதன் ரகசியம் இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்து இதைச் சரிசெய்ய ஒரே வழி, ரிட்டர்னைத் தனி ரூட்டாக, தனிக் கூலியாக, சரிபார்ப்பதில் பழகிய தனி ஆளிடம் கொடுப்பது. எண்ணிக்கை அதிகமுள்ள ஏரியாக்களில் செய்து பார்த்திருக்கிறோம், வேலை செய்தது. சின்ன ஏரியாவில் கட்டுபடியாகாது. நீங்கள் உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: பிக்கப் பதியும்போதே வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ‘சேலையை டேக்கோடு கவரில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள்’ என்று ஒரு வரி, அனுப்பும்போதே திரும்ப ஒட்டிக்கொள்ளும்படியான கவர். ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் ரிட்டர்ன் கிடையாது என்பதை ஆர்டருக்கு முன்பே தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இந்தச் சண்டையை வாசலில் டெலிவரி ஆள் போடக் கூடாது.

கூலியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பல இடங்களில் ஒரு பார்சலுக்குப் பத்திலிருந்து இருபது ரூபாய்க்குள், பெட்ரோல் அவர் செலவு, சென்னையில் லிட்டர் நூறைத் தாண்டியது. வண்டி அவருடையது, டயர் அவருடையது, மழையில் நனைந்து செத்துப்போகும் போனும் அவருடையது. பார்சலுக்கு இவ்வளவு என்றால் மனிதர் இயல்பாகவே அடர்த்தியான இடத்தை முதலில் முடிப்பார், கடைசித் தெருவில் தனியாக இருக்கும் ஒரு வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் போகமாட்டார். உங்கள் சேலை அந்தக் கடைசித் தெருவுக்கானது என்றால் அதற்கு இரண்டு நாள் கூடும். மாதச் சம்பள ஆள் அங்கேயும் போவார், ஆனால் ஐந்து மணிக்கு மேல் அவருக்கு அவசரம் இருக்காது. இரண்டிலும் குறை உண்டு. ஸ்லாப் வைத்து இத்தனைக்கு மேல் போட்டால் போனஸ் என்ற முறை எனக்குப் பிடிக்காதது, 78-ல் நிற்பவர் 80 ஆக்குவதற்காக மழையில் சிக்னலைத் தாண்டுவதை அதுதான் செய்யவைக்கிறது. சட்டம் மெதுவாக வருகிறது: தமிழ்நாட்டில் 2023 கடைசியில் கிக் தொழிலாளர்களுக்கென்று, அதாவது ஆப் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கென்று, நலவாரியம் அமைத்தார்கள், 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகர், தியாகராய நகரில் ஏசி ஓய்வறை திறந்தது. மே மாத வெயிலில் அந்த ஓய்வறையில் உட்கார்ந்து வந்த ஆளுக்கு அதன் அருமை தெரியும். மேடவாக்கத்துக்கு இன்னும் டீக்கடைப் பந்தல்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு கஷ்டம் உண்டு, வடக்கே இருந்து திட்டம் போடுபவர்களுக்கு இது உறைக்காது. தீபாவளி சேலும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். வருடத்திலேயே லோடு உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில்தான் பள்ளிக்கரணை, வேளச்சேரி தெருக்களில் முழங்கால் தண்ணீர். அட்டைப்பெட்டி நனைந்தால் வாடிக்கையாளர் வாங்கமாட்டார், ஒரு சேலைப் பார்சலில் தண்ணீர் இறங்கினால் சாயம் பக்கத்து பார்சலிலும் ஏறும். உச்ச நாட்களுக்கென்று புதிதாக எடுத்த ஆட்களுக்கு ஏரியா தெரியாது, தெரிந்த ஆட்களின் வண்டி தண்ணீரில் நின்றிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையில் நாட்கணக்கில் பார்சல் அப்படியே தேங்கியது. தண்ணீர் வடிந்த பிறகும் அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொருவர் பையிலும் இரட்டை லோடு. அந்த வாரத்து எண்களை வைத்து ஒருவரை மதிப்பிட்டால் அதைப்போல அநியாயம் வேறில்லை. அக்டோபர், நவம்பரில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு சேலையையும் முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதன்மேல் கூரியர் கவரைப் போடுங்கள், தீபாவளிக்குக் கட்ட வேண்டிய சேலை என்றால் பத்து நாள் முன்னால் ஆர்டரை நிறுத்திவிடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்டீர்கள். பெயர் சொல்லமாட்டேன், காரணம் பயம் இல்லை, அந்தக் கேள்விக்குப் பெயரில் பதில் இல்லை. ஒரே கம்பெனி அண்ணா நகரில் பிரமாதமாக இருக்கும், அடுத்த பின்கோடில் மட்டமாக இருக்கும், ஏனென்றால் ஹப் இன்சார்ஜும் நாலு பழைய ஆட்களும்தான் அந்த ஏரியாவில் கம்பெனி. ஆகவே உங்கள் பழைய ஆர்டர்களை எடுத்துப் பின்கோடு வாரியாகப் பிரித்து, முதல் முயற்சியிலேயே சேர்ந்தது எத்தனை, ராத்திரி ரிமார்க் விழுந்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எக்செல்லில் போடுங்கள். ஷிப்ராக்கெட் மாதிரியான இடைத்தளங்களில் பின்கோடுக்கு ஏற்ப கூரியரை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, விலை பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். திரும்பி வந்த பார்சலுக்கு இரண்டு பக்கமும் கட்டணம் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். பெட்டி அளவையும் கவனியுங்கள், நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் கிலோ நிஜ எடையைவிட அதிகமானால், பெரும்பாலும் அதற்குத்தான் கட்டணம் போடுவார்கள், சேலைக்குத் தேவையில்லாமல் பெரிய பெட்டி போட்டால் காற்றுக்கும் காசு.

கிராமத்து முகவரி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீட் போஸ்ட் சொல்வேன். தனியார் ஆள் ‘பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கோங்க’ என்பார், அவர் கூலியில் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்வரக் கட்டாது. கிளை அஞ்சலகத்தில் இருக்கும் கிராமிய அஞ்சல் ஊழியர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், முகவரியில் வீட்டு எண் இல்லாவிட்டாலும் ‘யாரு, வாத்தியார் வீட்டு மருமகளா’ என்று கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஒரு நாள் இரண்டு நாள் தாமதமாகும், ஆனால் ‘வீட்டில் இல்லை’ என்று திரும்பி வருவது அபூர்வம். அனுப்பும்போது கவரில் தந்தை அல்லது கணவர் பெயரையும் தெருவையும் தமிழிலேயே எழுதிவிடுங்கள், ஆங்கில லேபிளுக்குக் கீழே ஒட்டினால் போதும்.